அம்மாவின் கட்டியையும் ரத்தத்தையும் ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

முதல்மழை:

அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடம் கழித்து ரத்தப்போக்கு வந்தது, பயாப்ஸி எடுத்தார்கள், கருப்பை உட்சுவரில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கு ஓரளவு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டோம். நேற்று மாலை ஒரு பெண் வந்து எட்டுப் பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நாடு முழுக்கப் பல மருத்துவமனைகள் சேர்ந்து புற்றுநோயின் மரபணுக்களை ஆராய்கிறார்களாம், வெட்டியெடுக்கிற கட்டியில் ஒரு துண்டும், கையிலிருந்து கொஞ்சம் ரத்தமும் அந்த ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள்.

மாமா எடுத்த எடுப்பிலேயே கையெழுத்துப் போடாதே என்கிறார். எனக்குப் போடலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் புரியாமல் போட மனசு வரவில்லை. ஒரு துண்டை அவர்கள் எடுத்துக்கொண்டால் அம்மாவின் நோயைச் சோதிக்கத் திசு போதாமல் போகுமா? நோய் கருப்பையில் இருக்கும்போது ரத்தம் எதற்கு? இதனால் அம்மாவின் சிகிச்சைக்கு ஏதாவது பயன் உண்டா? அப்புறம் மரபணு என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து தங்கைக்குத் தூக்கமே இல்லை, இது எங்களுக்கும் வரும் என்று அர்த்தமா? வெளிநாடுகளில் இதையெல்லாம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள் என்றும் படித்தேன், மறுபடியும் ஏன் என்று புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஊதாமூடி:

நான் நோயியல் ஆய்வகத்தில் இந்தத் துண்டை வாங்கி வைக்கிற வேலையில் இருப்பவள், அதனால் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஆபரேஷனில் எடுத்த கருப்பை முழுசாகத்தான் எங்களிடம் வரும். அதை நோயியல் மருத்துவர் திறந்து, அளந்து, கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்து, சோதனைக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வார். அது முடிந்து மீதி இருந்தால்தான் ஆராய்ச்சிக்கு. கட்டி சின்னதாக இருந்தால் நாங்கள் வெறுங்கையோடு திரும்பி வருவோம், அப்படி எத்தனையோ நாள் வந்திருக்கிறேன். எனவே திசு போதாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். படிவத்தில் அந்த வரி இருக்கும், தேடிப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

எடுக்கிற துண்டு சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனால் அதற்கு நேரம் ரொம்ப முக்கியம். உடம்பிலிருந்து பிரித்ததுமே எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டுகிற ஆர்என்ஏ திசுவில் சிதையத் தொடங்கிவிடும், அதனால் ஆபரேஷன் அறையிலிருந்து போன் வந்ததும் திரவ நைட்ரஜன் குடுவையோடு தயாராக நிற்போம். சின்னக் குப்பியில் போட்டு முக்கினால் புகை மாதிரி கிளம்பும், சில விநாடியில் துண்டு கல்லாகிவிடும். பிறகு மைனஸ் 80 டிகிரிக்குக் கீழே வைத்துவிடுவோம். மருத்துவமனைகளில் வழக்கமாகத் திசுவை ஃபார்மலினில் போடுவார்கள், நுண்ணோக்கியில் பார்க்க அது அருமையாக இருக்கும், ஆனால் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். இங்கிலாந்தில் ஒரு லட்சம் மரபணுத்தொகைகளை, அதாவது முழு டிஎன்ஏ வரிசைகளை, படிக்கும் திட்டம் தொடங்கியபோது, பல காலமாக ஃபார்மலினுக்குப் பழகிப்போன மருத்துவமனைகள் எல்லாம் உறைய வைத்த திசுவை அனுப்பும்படி தங்கள் வழக்கத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

இன்னொன்று, கட்டி என்று நாம் சொல்வது முழுக்கப் புற்றுநோய்ச் செல் கிடையாது. ரத்தக்குழாய், நாரிழை, எதிர்ப்புச் செல்கள் எல்லாம் கலந்துதான் இருக்கும். அமெரிக்காவில் பல வகைப் புற்றுநோய்களின் மரபணுக்களைப் படித்த டிசிஜிஏ திட்டத்தில் முதலில் துண்டில் 80 சதவீதமாவது புற்றுநோய்ச் செல்லாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள், அப்படித் தேறுகிற துண்டுகள் குறைவாக இருந்ததால் பின்னால் 60க்கு இறக்கினார்கள். அதைப் பார்க்க உறைந்த துண்டின் மேலிருந்தும் கீழிருந்தும் மெல்லிய சீவல் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்து ஒதுக்கப்படுகிற துண்டுகளும் நிறைய, அம்மாவுடையது கடைசியில் பயன்படாமலே போகலாம். கையெழுத்துப் போட்டால் அது தெரிந்துதான் போட வேண்டும்.

ரத்தம் வெறும் ஒரு குழாய், ஊதா மூடி போட்டது. ஆபரேஷனுக்கு முன் எப்படியும் ரத்தம் எடுப்பார்கள், பெரும்பாலும் அதே ஊசியிலேயே எடுத்துவிடலாம்.

நாலெழுத்து:

ரத்தம் எதற்கு என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், என் வேலையே அந்த இரண்டையும் கழித்துப் பார்ப்பதுதான்.

ஒரு மனிதரின் டிஎன்ஏவில் 300 கோடி எழுத்து. பொதுவாக ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மாதிரி வரிசையோடு பக்கத்தில் வைத்தால் உங்களுக்கும் எனக்கும் ஒவ்வொருவருக்கும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும். அவை பிறப்பிலேயே வந்தவை, ஏறக்குறைய எல்லாமே ஒன்றும் செய்யாதவை. கட்டியை மட்டும் படித்தால் புற்றுநோய் புதிதாக உண்டாக்கிய மாற்றங்கள் இந்த லட்சங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் இருப்பது அம்மா பிறந்தபோது இருந்த டிஎன்ஏ. கட்டியிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நோய் செய்த வேலை. ரத்தம் தராமல் கட்டியை மட்டும் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், அப்படித் தந்தால் அந்தத் துண்டின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

கழித்த பிறகும் ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் மிஞ்சும். அதில் நோயை உண்மையில் ஓட்டுபவை கொஞ்சம்தான். 2020 பிப்ரவரியில் பல நாடுகள் சேர்ந்து 38 வகைப் புற்றுநோய்களில் 2,658 முழு மரபணுத்தொகைகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள், ஒரு கட்டிக்குச் சராசரியாக நாலைந்துதான் அப்படி ஓட்டுகிற மாற்றங்கள். சுமார் 5 சதவீதக் கட்டிகளில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எந்த மாற்றம் ஓட்டுநர், எது சும்மா உட்கார்ந்து வருகிற பயணி என்று ஒரே ஆளின் கட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சம்பந்தமே இல்லாத பலருக்கு அதே மரபணுவில் திரும்பத் திரும்ப அடி விழுந்திருந்தால்தான் சந்தேகம் வரும். நூறு பேரில் மூன்று பேருக்கு மட்டும் வருகிற மாற்றத்தைப் பிடிக்க ஒரு வகைக்கு 500 கட்டிகள் வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் 2008இல் ஐசிஜிசி என்ற சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கியது. 50 வகைப் புற்றுநோய், 25,000 கட்டிகள் என்று இலக்கு. ஒரு மருத்துவமனை தனியாக இதை நினைத்தே பார்க்க முடியாது. அதனால் நாடுகள் பங்கு பிரித்துக்கொண்டன. ஆஸ்திரேலியாவும் கனடாவும் கணையம், ஜப்பான் வைரஸால் வரும் கல்லீரல் புற்றுநோய், ஸ்பெயின் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். இந்தியா எடுத்தது ஈறும் கன்னத்தின் உட்புறமும் சேரும் இடத்தில் வருகிற வாய்ப் புற்றுநோய். கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வு மையமும் சேர்ந்து செய்தது, 2013இல் வெளிவந்தது. பழைய பெயர்களான டிபி53, காஸ்பேஸ் 8 இவற்றோடு, அந்த நோயில் அதுவரை யாரும் கவனிக்காத யுஎஸ்பி9எக்ஸ், அரிட்2 மாதிரி சில மரபணுக்களும் அதில் வந்தன.

வெளிநாட்டில் முடித்துவிட்டார்களே என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. டிசிஜிஏவில் 33 வகைப் புற்றுநோய், 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள், பிரமாண்டமான வேலைதான். ஆனால் அதில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள், இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் ஐரோப்பியரில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரிடம், கிழக்காசியரில் பாதிப் பேர் வரை. ஒரு மக்கள் கூட்டத்தை மட்டும் படித்துவிட்டு எல்லோருக்கும் மருந்து எழுத முடியாது. ஐஐடி மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணு அட்லஸ் 480 மார்பகப் புற்றுநோயாளிகளிடமிருந்து தொடங்கியிருக்கிறது, அதுவும் இதே மாதிரிதான், ஆளுக்கு இரண்டு, திசு ஒன்று ரத்தம் ஒன்று, மொத்தம் 960.

சாலையோரம்:

எல்லாம் சரி, இதில் கடைசியில் யாருக்கு லாபம் என்று யாரும் சொல்லவில்லையே. மக்கள் சும்மா கொடுத்த திசுவை வைத்து மருந்து கண்டுபிடித்து, அதையே மக்களுக்கு யானை விலைக்கு விற்பார்கள். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டுகிற பிஆர்சிஏ மரபணுவுக்கே ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கி வைத்திருந்தது தெரியும்தானே? அவர் மாமா சொல்வதில் தப்பே இல்லை. தகவல் வெளியே போனால் திரும்ப வாங்க முடியுமா?

நாலெழுத்து:

நியாயமான கோபம். காப்புரிமை இருந்தது உண்மை. ஆனால் இயற்கையாக உள்ள டிஎன்ஏவுக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அதை முடித்துவைத்தது. பொதுப்பணத்தில் நடக்கிற தேசியத் திட்டங்களுக்கு நான் ஆதரவு சொல்வதற்கு முக்கியக் காரணமே அந்தப் பயம்தான். ஒரு கம்பெனி தனியாகச் சேகரித்தால் தகவல் அதன் பெட்டிக்குள் போய்விடும், பொதுத் திட்டத்தில் சேர்ந்தால் உலகத்தில் எந்த மாணவரும் எடுத்துப் பார்க்கலாம், நானே அப்படி எடுத்துப் படித்துத்தான் இந்த வேலை கற்றுக்கொண்டேன். மருந்து விலை பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்காகக் கத்தத்தான் வேண்டும், ஆனால் திசு கொடுக்காமல் இருப்பதால் விலை குறையாது. 2002இல் பிரிட்டனில் சாங்கர் ஆய்வகத்தினர் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் பாதிக்கு மேல் பிராஃப் என்ற ஒரே மரபணு கெட்டிருப்பதைப் பார்த்தார்கள், 2011இல் அதைக் குறிவைத்த மருந்து வந்துவிட்டது. அதற்கு முன் பரவிய மெலனோமாவுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி மருந்தே இல்லை.

அந்தரங்கம் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயரும் முகவரியும் எடுத்துவிட்டு எண் போட்டுத்தான் வைப்பார்கள். ஆனால் டிஎன்ஏ என்பதே ஒருவரின் அடையாளம். 2008இல், பலருடைய தகவலைக் கூட்டிப் போட்ட தொகுப்பிலிருந்தே ஒரு குறிப்பிட்ட ஆள் அதில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியும் என்று ஒரு குழு காட்டியது, உடனே அமெரிக்காவில் அப்படிப்பட்ட தொகுப்புகளைப் பொதுவெளியிலிருந்து எடுத்தார்கள். இப்போது கட்டியில் புதிதாக வந்த மாற்றங்கள் திறந்த பக்கத்தில், பிறப்பில் வந்த வரிசை பூட்டிய பக்கத்தில் என்பதுதான் நடைமுறை. பூட்டிய பக்கத்தைப் பார்க்க யார், எதற்கு என்று எழுதி அனுமதி வாங்க வேண்டும். உங்கள் படிவத்தில் இந்தப் பிரிவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள், அது இல்லாத படிவத்தில் நானாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஊதாமூடி:

தங்கை பயப்படுவதைப் பற்றிக் கொஞ்சம். புற்றுநோயின் மரபணு என்றாலே பரம்பரை என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மாற்றங்கள் அம்மாவின் அந்த ஒரு உறுப்பில், வாழ்நாளில் உண்டானவை, பிள்ளைகளுக்கு வராது. ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் சுமார் 3 சதவீதம் லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் காரணத்தால் வருவது. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, குடல் புற்றுநோய் அபாயமும் சேர்ந்து வரும். இதை ஆராய்ச்சி வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். டிஎன்ஏவின் பிழையைத் திருத்துகிற புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கிற எம்எம்ஆர் புரதச் சோதனை என்று ஒன்று உண்டு, லிஞ்ச் இருக்குமோ என்ற சந்தேகத்தை முதலில் காட்டுவது அதுதான், சிகிச்சைக்காகவே அதைச் செய்ய வேண்டும், மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல், கருப்பை, சூலகம் இவற்றில் வந்திருந்தால் எத்தனை வயதில் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

இந்த நோய் முதலில் பதிவானதே ஒரு பெண் தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதால்தான். 1895இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வார்த்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் ஒரு தையல்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லோரும் வயிற்றிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாவேன் என்றாராம். அப்படியே கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில்தான் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தைப் பட்டியல் போட்டு 1913இல் எழுதினார், பிறகு லிஞ்ச் என்ற மருத்துவர் தொடர்ந்தார், அந்தக் குடும்பத்தில் கெட்டிருந்த மரபணு எது என்று 2000ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒத்துழைத்திருக்கிறது. தையல்காரப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இன்று உங்கள் தங்கைக்கு அதே கேள்விக்கு ஒரு சோதனையில் பதில் கிடைக்கும்.

கீழைக்காற்று:

நான் எதிர்ப்பக்கம் பேச வரவில்லை, ஆனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு நுரையீரலில். ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு இளம் டாக்டர் ஓடி வந்து இங்கே, இங்கே, இங்கே என்று மூன்று இடத்தில் விரலை வைத்தார், அப்பா போட்டார். என்ன படிவம் என்று கேட்டதற்கு வழக்கமானதுதான் என்றார். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அதிலிருந்து ஏதோ கண்டுபிடித்து அப்பாவுக்கு நல்ல மருந்து தருவார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம், ஒன்றரை வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் எங்களை ஏமாற்றவில்லை, யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு பெண் போன் செய்து எப்படி இருக்கிறார், மறுபடி வந்ததா, என்ன மருந்து என்று கேட்பார். அப்பா போய் இரண்டு மாதம் கழித்து அந்தப் போன் வந்தது. அம்மா எடுத்தாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம், பிறகு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தேதியை மட்டும் கேட்டிருக்கிறார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அதனால் நீங்கள் கேட்டுவிடுங்கள். முடிவு எங்களுக்கு வருமா, பரம்பரையாக ஏதாவது தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்வீர்களா, வேண்டாம் என்றால் பாதியில் விலகலாமா, யாருக்குப் போன் செய்வீர்கள். பதில் இல்லை என்று வந்தாலும் பரவாயில்லை, முன்னாலேயே தெரிந்தால் மனசு வேறு மாதிரி இருக்கும்.

நாலெழுத்து:

கீழைக்காற்று, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். நாங்கள் வேலை செய்கிற அட்டவணையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி. வயது, கட்டியின் நிலை, மாற்றங்கள், அதன் பக்கத்தில் இறப்பு வரை நாட்கள் என்று ஒரு கட்டம். உங்கள் அம்மா சொன்ன தேதி அப்படி ஒரு கட்டத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி முழுக்க வீண், இந்த மாற்றம் இருந்தவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று சொல்லவே முடியாது. அது அங்கே எப்படி வந்து சேர்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

முதல்மழைக்கு, உங்கள் அம்மாவின் நோயிலேயே அந்தக் கட்டங்கள் என்ன செய்தன என்று சொல்கிறேன். டிசிஜிஏ 2013இல் 373 கருப்பை உட்சுவர்க் கட்டிகளைப் படித்து அவற்றை நாலு குழுவாகப் பிரித்தது. அதில் ஒரு சின்னக் குழு, சுமார் 7 சதவீதம், டிஎன்ஏவை நகலெடுக்கும்போது பிழை திருத்துகிற பிஓஎல்இ என்ற மரபணு கெட்டுப்போனவை. நுண்ணோக்கியில் பல சமயம் அவை மோசமான கட்டியாகத் தெரியும். ஆனால் நாட்கள் கட்டத்தைப் பார்த்தால் அந்தக் குழுவினருக்குத்தான் நோய் மிக அரிதாகத் திரும்பியிருந்தது. நேர்மாறாக, சாதாரணமாகத் தெரிகிற சில கட்டிகள், முன்னே சொன்ன டிபி53 மரபணு உண்டாக்குகிற பி53 புரதம் கெட்டிருந்ததால் தீவிரமானவையாக இருந்தன. இப்போது நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று வகுக்க 2023இல் வந்த விதிகளிலேயே இந்தக் குழுக்கள் சேர்ந்துவிட்டன, யாருக்குக் கீமோ வேண்டும் யாருக்குத் தேவையில்லை என்பதற்கு மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். அம்மாவின் கட்டியில் பி53யும் எம்எம்ஆரும் பார்ப்பீர்களா, பிஓஎல்இ பார்க்க வசதி உண்டா என்று கேளுங்கள். அந்த 373 பேரில் அநேகருக்கு இதனால் ஒரு பலனும் கிடைத்திருக்காது.

முதல்மழை:

எல்லோருக்கும் நன்றி, ராத்திரி முழுக்க இதையே மூன்று தடவை படித்தேன். இன்று காலை அந்தப் பெண்ணை வரச்சொல்லி உட்கார்ந்து பேசினோம், முக்கால் மணி நேரம் இருந்தார், அவசரப்படுத்தவே இல்லை. சோதனைக்குப் போக மீதிதான் ஆராய்ச்சிக்கு, விலகினால் மீதித் திசுவை அழித்துவிடுவார்கள், ஆனால் ஏற்கெனவே வெளியான கணக்கில் சேர்ந்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். சிகிச்சைக்கு இதிலிருந்து எதுவும் வராது என்பதை அவரே முதலில் சொன்னார். பரம்பரையாக ஏதாவது தெரிந்தால் சொல்ல வேண்டுமா என்று ஐந்தாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, நாங்கள் பார்க்காமல் விட்டிருந்தோம். சர்ஜனிடம் பி53, எம்எம்ஆர் இரண்டும் கேட்டேன், எப்படியும் செய்வோம் என்றார், பிஓஎல்இ சோதனைக்கு வெளியே அனுப்பலாம் என்றார்.

இவ்வளவு நேரம் நானும் மாமாவுமே பேசிக்கொண்டிருந்தோம், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டாள். கீழைக்காற்று எழுதியதையும் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் அவளே டிக் போட்டாள், கையெழுத்தும் போட்டாள். தொடர்பு எண் என்ற இடத்தில் நான் என் நம்பரை எழுதப் போனேன். தடுத்துவிட்டு, “என் நம்பரை எழுது, அவர்கள் கேட்டால் நான் பேசுகிறேன்” என்றாள். இரண்டாவது எண் என்று கீழே ஒரு வரி இருந்தது, அதில் என்னுடையது.